வங்கி வெட்டிய காசும் திரும்பி வந்த காசும்: பிரித்தானிய வாடிக்கையாளர்களின் வரலாறு நமக்குச் சொல்வது



"பேங்க்ல காசு வெட்டிட்டாங்க" என்பது நமது ஊரில் எல்லோர் வாயிலும் வரும் வசனம். ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக்குக் கட்டணம், மீதி குறைந்தால் ஒரு கட்டணம், காசோலை திரும்பினால் இன்னொரு கட்டணம். எதற்காக வெட்டினார்கள், எவ்வளவு வெட்டினார்கள், அப்படி வெட்டும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பாடசாலையிலும் அப்படித்தான் பழக்குகிறோம். சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் படிக்கும் பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். வங்கிக் கூற்றில் ஒரு கட்டணம் இருந்து அது காசேட்டில் இல்லையென்றால், காசேட்டில் அதைக் கழிக்க வேண்டும். கழித்தால் புள்ளி கிடைக்கும். அந்தக் கட்டணம் சரியானதா என்ற கேள்விக்கு வினாத்தாளில் இடமில்லை. வங்கி எழுதியதற்கு ஏற்ப நம் ஏட்டைத் திருத்துவதே பாடம்.

ஒரு காலத்தில் ஒரு நாட்டின் சாதாரண மக்கள் இலட்சக்கணக்கில் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பலருக்குக் காசு திரும்பி வந்தது. பிறகு ஒரு பெரிய வழக்கு நடந்தது. அதில் மக்கள் பக்கம் தோற்றது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2005 முதல் 2020 வரை ஐக்கிய இராச்சியத்தில் நடந்த இந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்வதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

"இலவச" வங்கிச் சேவை

1984இல் பிரித்தானியாவின் மிட்லண்ட் வங்கி ஓர் அறிவிப்புச் செய்தது. நடைமுறைக் கணக்கில் மீதி இருக்கும்வரை வாடிக்கையாளரிடம் எந்தக் கட்டணமும் அறவிடப்பட மாட்டாது என்பதே அது. மற்ற வங்கிகளும் அதே வழியில் வந்தன. காசோலைக்குக் கட்டணமில்லை, பணம் எடுப்பதற்குக் கட்டணமில்லை, கணக்கைப் பராமரிப்பதற்கும் கட்டணமில்லை.

அப்படியானால் கிளைகளுக்கும் ஊழியர்களுக்கும் இயந்திரங்களுக்கும் ஆகும் செலவு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, கணக்குகளில் சும்மா கிடக்கும் பணத்தை வங்கி கடன் கொடுத்துச் சம்பாதித்ததிலிருந்து வந்தது. இன்னொரு பெரும் பகுதி, கணக்கில் காசு போதாமல் போனவர்களிடமிருந்து வந்தது. முன்கூட்டி அனுமதி பெறாமல் மேலதிகப் பற்றில் விழுந்தால் ஒரு கட்டணம். காசோலையோ மாதாந்தக் கட்டளையோ பணமின்றித் திரும்பினால் ஒரு கட்டணம். திருப்பாமல் வங்கி செலுத்திவிட்டாலும் அதற்கு ஒரு கட்டணம். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இவை ஒரு தடவைக்கு 30 பவுணுக்கும் மேல் போயிருந்தன. சில வங்கிகளில் 38, 39 பவுண் வரை இருந்தது.

இது ஏழையை எப்படிச் சுற்றி வளைக்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். ஒருவரின் கணக்கில் 20 பவுண் இருக்கிறது. மின்சாரப் பட்டியலுக்காக 30 பவுண் போக வேண்டும். குறைவது 10 பவுண்தான். வங்கி அதைச் செலுத்தாமல் திருப்புகிறது, திருப்பியதற்கு 35 பவுண் வெட்டுகிறது. இப்போது கணக்கு 15 பவுண் மேலதிகப் பற்றில் நிற்கிறது. அனுமதியில்லாத மேலதிகப் பற்றுக்காக இன்னும் 28 பவுண். இப்போது குறை 43 பவுண். மின்சாரப் பட்டியல் இன்னும் கட்டப்படவில்லை. அடுத்த சம்பளம் வரும்போது அதில் 43 பவுண் முதலிலேயே போய்விடும். ஆகவே அடுத்த மாதமும் காசு போதாது, மீண்டும் அதே கட்டணம். 10 பவுண் குறைந்ததற்காக 63 பவுண் கட்டணம். பணம் உள்ளவர் இந்தக் கிணற்றில் விழுவதே இல்லை. விழுந்தவருக்கு ஏறிவரக் கயிறு இல்லை.

நியாய வர்த்தக அலுவலகம் என்ற அரச நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொகையாகக் காட்டியது. 2006இல் தனிநபர் நடைமுறைக் கணக்குகளின் மூலம் வங்கிகளுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 8.3 பில்லியன் பவுண். அதில் ஏறத்தாழ 2.6 பில்லியன், அதாவது மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கணக்கில் காசு போதாதவர்களிடம் அறவிட்ட கட்டணம். "இலவச" சேவை உண்மையில் இலவசமாக இருக்கவில்லை. காசு இல்லாதவர்கள் காசு உள்ளவர்களின் பங்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் எழுதிய காலம்

மக்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் ஒரு பழைய சட்ட விதி. ஒப்பந்தத்தை மீறியவரிடம் மற்றத் தரப்பு தனக்கு ஏற்படக்கூடிய நட்டத்தை நேர்மையாக முன்மதிப்பிட்டு ஒரு தொகையைக் குறித்து வைத்து அறவிடலாம். ஆனால் அந்தத் தொகை நட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல், பயமுறுத்தும் தண்டமாக இருந்தால் நீதிமன்றம் அதைச் செல்லுபடியாக்காது. 1914இல் டன்லொப் டயர் கம்பனியின் வழக்கில் பிரபுக்கள் சபை இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்திருந்தது.

வாடிக்கையாளர்களின் வாதம் எளிமையானது. கணினி ஒரு கொடுப்பனவைத் தானாகத் திருப்பி, ஒரு கடிதத்தையும் தானாக அச்சிட்டு அனுப்புகிறது. அதற்கு வங்கிக்கு 35 பவுண் செலவா? இல்லையென்றால் இது தண்டம்தானே?

இரண்டாவது ஆயுதம் 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்தங்களிலுள்ள நியாயமற்ற நியதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள். ஐரோப்பிய சமூகம் 1993இல் பிறப்பித்த ஒரு பணிப்புரையை நடைமுறைப்படுத்த வந்தவை இவை. வாடிக்கையாளருடன் பேசித் தீர்மானிக்காத ஒரு நியதி, நல்லெண்ணத்துக்கு மாறாக அவருக்குப் பாதகமான பெரும் சமமின்மையை உண்டாக்கினால், அந்த நியதி அவரைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது ஆயுதம் தகவல். 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதிகபட்சம் 10 பவுண் செலுத்தி, தம்மைப் பற்றி வங்கி வைத்திருக்கும் பதிவுகளை எவரும் கேட்கலாம். 40 நாட்களுக்குள் வங்கி கொடுக்க வேண்டும். பழைய கூற்றுகளைத் தொலைத்தவர்களும் இந்த வழியில் ஆறு வருடப் பதிவைப் பெற்றார்கள். ஆறு வருடம் ஏன் என்றால், இங்கிலாந்தில் ஒப்பந்த வழக்குக்குக் காலவரையறை ஆறு வருடம்.

இதன் பிறகு வேலை ஒரு வரிசையில் நடந்தது. பதிவைப் பெறுவது. ஒவ்வொரு கட்டணத்தையும் திகதியோடு பட்டியலிட்டுக் கூட்டுவது. திருப்பித் தரும்படி வங்கிக்குக் கடிதம் எழுதுவது. வங்கி மறுத்தால் வழக்குத் தொடரப்போவதாக இரண்டாவது கடிதம். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்ற நடைமுறையில் மனு. அப்போது 5,000 பவுண் வரையான கோரிக்கையைச் சட்டத்தரணி இல்லாமலே அங்கு கொண்டுபோகலாம். நுகர்வோர் அமைப்புகள் மாதிரிக் கடிதங்களைத் தயாரித்து இலவசமாக வெளியிட்டன. மார்ட்டின் லூயிஸ் என்ற நிதித்துறைப் பத்திரிகையாளர் இதைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெயரையும் கணக்கிலக்கத்தையும் தொகையையும் நிரப்பினால் போதும்.

வங்கிகள் என்ன செய்தன? பெரும்பாலும் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. "பொறுப்பை ஏற்கவில்லை, நல்லெண்ண அடிப்படையில் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தன. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியது. ஒரு நீதிபதி வங்கிக்கு எதிராகக் காரணம் எழுதித் தீர்ப்பளித்துவிட்டால், அது எல்லா வாடிக்கையாளரின் கையிலும் போய்ச் சேரும். ஒருவருக்கு 800 பவுண் கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு. இப்படி நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண் மக்களிடம் திரும்பியது.

2006 ஏப்ரலில் நியாய வர்த்தக அலுவலகமும் ஒரு முக்கியமான அறிவிப்பை விடுத்தது. அது கடனட்டைகளைப் பற்றியது. தவணை தவறினால் அறவிடும் கட்டணம் 12 பவுணுக்கு மேல் இருந்தால் அதை நியாயமற்றதாகக் கருதி நடவடிக்கை எடுப்போம் என்றது. 20, 25 பவுண் என்றிருந்த கடனட்டைக் கட்டணங்கள் உடனே 12க்கு இறங்கின. 12 பவுணுக்குக் கடனட்டைக் கம்பனிகள் சமாளிக்க முடிந்ததென்றால், 25 பவுண் எதற்காக இருந்தது? இந்தக் கேள்வி வங்கிக் கணக்குக் கட்டணங்களின் பக்கமும் திரும்பியது.

எல்லோரும் வென்றார்கள் என்று நினைக்கக் கூடாது. 2007 மே மாதம் பேர்மிங்ஹாமில் ஒரு வாடிக்கையாளர் லொயிட்ஸ் வங்கிக்கு எதிரான கோரிக்கையில் தோற்றார். நீதிமன்றத்துக்குப் போனால் வெற்றி நிச்சயம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை மணி.

ஒரே வழக்கு, ஒரே கேள்வி

நாடு முழுவதும் நீதிமன்றங்களில் மனுக்கள் குவிந்தன. 2007 ஜூலை 27ஆம் திகதி நியாய வர்த்தக அலுவலகமும் வங்கிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, ஒரு பரீட்சார்த்த வழக்கை நடத்தத் தீர்மானித்தன. அபி நெஷனல், பார்க்லேஸ், க்ளைட்ஸ்டேல், எச்.பி.ஓ.எஸ்., எச்.எஸ்.பி.சி., லொயிட்ஸ், றோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் ஆகிய ஏழு வங்கிகளும் நேஷன்வைட் என்ற கட்டடச் சங்கமும் பிரதிவாதிகள். இந்த வழக்கு முடியும்வரை வாடிக்கையாளர் முறைப்பாடுகளைத் தீர்க்காமல் வைத்திருக்க வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. நீதிமன்றங்களிலிருந்த தனித்தனி மனுக்களும் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டன.

அந்தக் கணம்வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய காசு, அவர் பெயரே இல்லாத ஒரு வழக்கின் கையில் போனது.

2008 ஏப்ரல் 24ஆம் திகதி மேல் நீதிமன்றம் முதல் தீர்ப்பை வழங்கியது. அதில் பாதி கசப்பு, பாதி இனிப்பு. கசப்பான பாதி இது: அப்போது நடைமுறையிலிருந்த நியதிகளின்படி வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை மீறவில்லை, காசில்லாமல் காசோலை எழுதும்போது அவர் வங்கியிடம் கடன் கேட்கிறார், வங்கி கொடுக்கிறது அல்லது மறுக்கிறது. மீறல் இல்லாத இடத்தில் தண்டம் பற்றிய பழைய விதிக்கு வேலையில்லை. இனிப்பான பாதி: 1999 ஒழுங்குவிதிகளின் கீழ் இந்தக் கட்டணங்கள் நியாயமானவையா என்று ஆராயலாம். 2009 பெப்ரவரி 26ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டாவது பாதியை உறுதிசெய்தது. மக்கள் மத்தியில் நம்பிக்கை உச்சத்துக்குப் போனது.

வங்கிகள் மேலே போயின. 2009 ஜூனில் வாதங்கள் கேட்கப்பட்டன. அந்த ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி பிரபுக்கள் சபையின் நீதி அதிகாரம் புதிய உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. 2009 நவம்பர் 25ஆம் திகதி, திறந்து இரண்டு மாதமும் ஆகாத அந்த நீதிமன்றம் தீர்ப்பை வாசித்தது. ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாக வங்கிகளின் பக்கம் தீர்த்தார்கள்.

காரணம் அந்த ஒழுங்குவிதிகளிலேயே இருந்தது. ஒரு நியதி தெளிவான மொழியில் எழுதப்பட்டிருந்தால், பெறும் சேவைக்கு விலை பொருத்தமானதா என்பதை நீதிமன்றம் ஆராயக் கூடாது என்று ஆறாவது ஒழுங்குவிதி சொன்னது. விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்பது அதன் எண்ணம். மேலதிகப் பற்றுக் கட்டணம் "விலை"யா என்பதுதான் கேள்வி. நடைமுறைக் கணக்கு என்பது ஒரு பொதி. அந்தப் பொதி முழுவதற்கும் வங்கி பெறும் வருமானத்தில் இந்தக் கட்டணங்கள் ஒரு முக்கிய பகுதி. ஆகவே இதுவும் விலையே என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

கவனியுங்கள். மூன்றிலொரு பங்குக்கு அண்மித்த வருமானம் இந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது என்ற உண்மை, மக்களுக்கு அநியாயத்தின் சான்றாகத் தெரிந்தது. நீதிமன்றத்திலோ அதே உண்மை, இது ஒரு விலைதான் என்பதற்குச் சான்றாகப் போனது. ஒரே எண், இரண்டு கண்ணில் இரண்டு பொருள்.

இந்தக் கட்டணங்கள் நியாயமானவை என்று நீதியரசர்கள் சொல்லவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கேள்வியை அந்த வழியில் கேட்க முடியாது என்றுதான் சொன்னார்கள். அமைச்சர்களும் பாராளுமன்றமும் இதைப் பற்றி மேலும் யோசிக்க விரும்பலாம் என்ற கருத்தும் தீர்ப்பில் இருந்தது. ஆனால் காத்திருந்தவருக்கு அந்த நுணுக்கம் சோறு போடாது. 2009 டிசம்பரில் நியாய வர்த்தக அலுவலகம் தன் விசாரணையைக் கைவிட்டது. நிறுத்திவைக்கப்பட்டிருந்த மனுக்களில் பெரும்பாலானவை அப்படியே சரிந்தன. 2006இல் கடிதம் எழுதியவருக்குக் காசு கிடைத்தது. 2008இல் எழுதியவருக்கு, கட்டணமும் வங்கியும் அதேயாக இருந்தும், கிடைக்கவில்லை. கடுமையான பொருளாதாரக் கஷ்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் வங்கிகள் தனித்தனியாக விட்டுக்கொடுத்தன.

தோல்விக்குப் பிறகு

வரலாறு ஒரு தீர்ப்போடு நிற்பதில்லை. அதற்கு அடுத்த பத்து ஆண்டுகளில் மூன்று விடயங்கள் நடந்தன.

முதலாவது, கடன் கொடுப்பனவுக் காப்புறுதி. கடன் வாங்குபவர்களுக்குத் தேவையில்லாமலும் சில வேளை அவர்களுக்குத் தெரியாமலும் விற்கப்பட்ட காப்புறுதி இது. 2011 ஏப்ரலில் வங்கிகள் இந்த விடயத்தில் மேல் நீதிமன்றத்தில் தோற்றன. மேன்முறையீடு செய்யாமல் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. 2019 ஓகஸ்ட் 29ஆம் திகதி முறைப்பாட்டுக்கான இறுதி நாள். திருப்பிக் கொடுக்கப்பட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 38 பில்லியன் பவுண். மக்கள் பதிவைக் கேட்டுக் கடிதம் எழுதிப் பழகியிருந்த பழக்கம் இங்கே பெரிதும் கைகொடுத்தது. இதில் ஒரு கெட்ட பாடமும் உண்டு. "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று புறப்பட்ட இடைத்தரகர் கம்பனிகள், ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்ததற்குக் கிடைத்த தொகையில் கால்வாசியையும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. 2018இல்தான் இந்தக் கோரிக்கைகளுக்கு 20 வீதம் என்ற உச்ச வரம்பு வந்தது. வாடிக்கையாளர் தானே எழுதியிருந்தால் அந்த 20 வீதமும் அவருடையது.

இரண்டாவது, சட்டம் திருந்தியது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், விலை பற்றிய நியதி நீதிமன்ற ஆய்விலிருந்து தப்ப வேண்டுமானால் அது தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி முக்கியமாகவும் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்றது. 40ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்த கட்டணத்தை "விலை" என்று சொல்லித் தப்புவது கடினமானது.

மூன்றாவது, 2020 ஏப்ரலில் நிதி நடத்தை அதிகாரசபையின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மேலதிகப் பற்றுக்கு நிலையான நாட்கட்டணமோ மாதக் கட்டணமோ அறவிடக் கூடாது. அனுமதி பெற்றதற்கும் பெறாததற்கும் வேறு வேறு விலை கூடாது. எல்லாம் ஒரே ஆண்டு வட்டி வீதத்தில் காட்டப்பட வேண்டும். வங்கிகள் அந்த வீதத்தை 40க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தின என்பது வேறு கதை. என்றாலும் 10 பவுண் குறைந்ததற்கு 63 பவுண் என்ற கிணறு மூடப்பட்டது. வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் விடயம். அதை இங்கே நாம் பேச வரவில்லை. நீதிமன்றத்தில் தோற்ற ஒரு கோரிக்கை பதினொரு வருடத்துக்குப் பின் ஒழுங்குவிதியாக வந்து சேர்ந்தது என்பதுதான் நாம் காட்ட விரும்புவது.

இதே 1993 ஐரோப்பியப் பணிப்புரை ஸ்பெயினில் வேறு பலனைத் தந்தது. வீட்டுக் கடனில் வட்டி எவ்வளவு இறங்கினாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது என்று வங்கிகள் ஒரு நியதியை நுழைத்திருந்தன. 2013 மே 9ஆம் திகதி ஸ்பெயினின் உயர் நீதிமன்றம் வெளிப்படையாக விளக்கப்படாத அத்தகைய நியதிகள் செல்லாது என்றது. ஆனால் அந்தத் திகதிக்குப் பின் அறவிட்டதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றது. 2016 டிசம்பர் 21ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வரம்பையும் நீக்கியது. நியதி செல்லாது என்றால் தொடக்கத்திலிருந்தே செல்லாது, முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2009இல் தன் கேள்வியை அந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் தானே முடிவெடுத்திருந்தது.

இது நமக்கு ஏன்?

தொடக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு என்றோம். அது 1852ஆம் ஆண்டுக் காரணம். அந்த ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை, குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் என்று சொல்வார்கள். அதன் 3ஆம் பிரிவு, வங்கிகள், வங்கித்தொழில் உட்படச் சில விடயங்களில் எழும் பிரச்சினைகளுக்கு, உள்நாட்டுச் சட்டம் வேறுவிதமாக ஏற்பாடு செய்திராதவிடத்து, அதே காலத்தில் இங்கிலாந்தில் உள்ள சட்டமே இலங்கையிலும் பிரயோகிக்கப்படும் என்கிறது. நமது வங்கி வழக்குகளில் சட்டத்தரணிகள் ஆங்கிலத் தீர்ப்புகளை எடுத்து வைப்பதற்கு இதுவே அடிப்படை. அவர்களின் 1999 ஒழுங்குவிதிகள் நமது சட்டமல்ல. என்றாலும் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவு பற்றி இலண்டனில் சொல்லப்படுவது கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் அக்குறணைக்கும் முற்றிலும் அந்நியமான செய்தி அல்ல.

நமக்கும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி வந்தது அது. பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வாசகங்களைக் கட்டுப்படுத்துவதே அதன் முக்கிய வேலை. விலையை அது தொடுவதில்லை. ஆகவே நமது பாதை பெரும்பாலும் நீதிமன்றத்தை விட முறைப்பாட்டு வழியில்தான் இருக்கிறது. இலங்கை மத்திய வங்கி 2020இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் திணைக்களத்துடன் பேசலாம். வங்கிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்க நிதியியல் ஒம்புட்ஸ்மன் ஒருவரும் இருக்கிறார். இந்த இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, வங்கிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா என்பதே.

ஆகவே அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக எழுதுகிறோம்.

ஒன்று, பதிவு. காசு திரும்பக் கிடைத்த பிரித்தானியர் எல்லோரும் முதலில் செய்தது ஆறு வருடக் கூற்றை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தது. நம் பாஸ் புத்தகத்தில் புரியாத சுருக்கெழுத்து ஒன்றிருந்தால், அதன் பொருளைக் கருமபீடத்தில் கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல. கணக்கு நம்முடையது.

இரண்டு, எழுத்து. கருமபீடத்தில் கோபப்பட்டுவிட்டு வந்தால் அது காற்றோடு போய்விடும். திகதி, தொகை, கணக்கிலக்கம், நீங்கள் கேட்பது என்ன என்பவற்றோடு ஒரு பக்கக் கடிதம். பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள்.

மூன்று, வேறுபடுத்திக் கேட்பது. வங்கியின் கட்டணப் பட்டியலில் இருப்பதையே அறவிட்டார்களா, அல்லது அதிகமாகவோ இரண்டு தடவையோ அறவிட்டார்களா? பட்டியலில் இல்லாததை, நாம் கேட்காத சேவைக்கு அறவிட்டார்களா? இந்த இரண்டாம் வகைத் தவறுகளைத் திருத்துவது சுலபம். பட்டியலில் உள்ள தொகையே அதிகம் என்பது 2009இல் பிரித்தானியர் தோற்ற வாதம். அதைத் தனியாள் கடிதத்தை விட ஒழுங்குபடுத்தும் அதிகாரியிடம் பலர் சேர்ந்து வைக்க வேண்டும்.

நான்கு, காலம். 2006இல் எழுதியவருக்கும் 2008இல் எழுதியவருக்கும் நடந்ததை மறக்க வேண்டாம். "பிறகு பார்ப்போம்" என்பதற்கு அங்கே ஒரு விலை இருந்தது.

ஐந்து, தரகர். உங்கள் காசை உங்களுக்கு எடுத்துத் தருவதாகச் சொல்லி வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டைப் பிரதியையோ இரகசிய இலக்கத்தையோ கொடுக்க வேண்டாம். ஒரு பக்கக் கடிதத்தை நம் வீட்டுப் பிள்ளையே எழுதும்.

வங்கி ஊழியர்களை எதிரிகளாகப் பார்க்கச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் நம் மாணவர்களும் உறவினர்களும் இருக்கிறார்கள். பலர் நல்ல முறையில் விளக்கித் தவறைத் திருத்தித் தருபவர்கள். நாம் கேட்டால்தான் அவர்களுக்கும் மேலிடத்தில் கேட்க ஒரு தாள் கிடைக்கும்.

அடுத்த தவணையில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைப் படிப்பிக்கும்போது, வங்கிக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லும் அந்த வரிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை இன்னொரு வரி எழுதச் சொல்லப்போகிறோம்: "இது எதற்கான கட்டணம்?" பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காது. ஆனால் அந்தப் பிள்ளையின் உம்மா தையல் காசு சேமிக்கும் கணக்கில் அடுத்த மாதம் 250 ரூபா வெட்டப்பட்டால், அந்த வீட்டில் கேட்க ஒருவர் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.

வாசித்தவர்கள் பாஸ் புத்தகம் வாசிக்கத் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். கடிதம் எழுத உதவி தேவைப்படுபவர்கள் தயங்காமல் கேளுங்கள். எழுதித் தர நம்மூரில் ஆசிரியர்கள் இருக்கிறோம்.